ஐப்டேசியாவை யாரிடம் ஒப்படைப்பது? இறாலா, நத்தையா, மீனா, சுண்ணாம்பா?

கடல்நீர் மீன் டேங்க் வைத்து ஆறாவது வாரம். லைவ் ராக்கின், அதாவது உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறையின் அடிப்பக்கம், பம்ப்பின் நிழலில், காப்பித் தண்ணீர் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பூ முளைத்திருந்தது. மிளகு அளவுதான். காசு கொடுக்காமல் ஒரு கோரல் (பவளம்) வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, அதன் மேல் வெளிச்சம் படும்படி விளக்கைக்கூடக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். மூன்று மாதத்தில் அது முப்பது ஆனது.

அதுதான் ஐப்டேசியா. பாறையோடு ஒட்டிக்கொண்டு வரும் கடல் சாமந்தி வகை. கொட்டும் இழைகள் உண்டு, பக்கத்தில் இருக்கும் கோரலைச் சுட்டுவிடும். உடலுக்குள்ளேயே பாசி குடியிருப்பதால் வெளிச்சமே அதற்குச் சோறு. தீனியைக் குறைத்துப் பட்டினி போடும் யோசனை இதனிடம் எடுபடாது. பிய்த்தெடுத்தாலும் தப்பு. பாதத்தில் ஒரு துணுக்கு பாறையில் தங்கினால் போதும், அது புதிதாக ஒன்றாக வளர்ந்துவிடும். எனக்கு முப்பது வந்ததற்குப் பாதிக் காரணம் என் இடுக்கிதான்.

இதை ஒழிக்க நாலு வழி உண்டு, நாலையும் பார்த்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால், கையில் இருப்பது ஐப்டேசியாதானா என்று தெரிய வேண்டும். நான் முதலில் சுண்ணாம்பு ஊற்றிக் கொன்றது ஒரு குழாய்ப் புழுவை. பாவம், அது பாட்டுக்குத் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் பூதான். கிட்டே போய், ஊசியில்லாத சிரிஞ்சால் மெல்லத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். இரண்டுமே சடாரென்று மறையும். மறைந்த இடத்தில் ஒரு குழாய் நின்றால் அது புழு. அதன் இதழ்கள் கோழியிறகு மாதிரி கிளை பிரிந்திருக்கும், நடுவில் தட்டு இருக்காது. குழாய் எதுவும் இல்லாமல் முழு உடலும் பாறைப் பொந்துக்குள் சுருண்டு போனால், விரியும்போது நீண்ட தண்டும், கூராக முடியும் இழைகளும், நடுவில் தட்டும், தட்டின் மத்தியில் பிளவாக வாயும் தெரிந்தால், அது ஐப்டேசியா. சுருங்கியபின் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் போலக் கெட்டியான எலும்புக்கூடு தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது நிஜமாகவே இலவசமாக வந்த கோரல்.

மஜானோ என்ற குட்டிக் கடல் சாமந்தி இன்னொரு ஏமாற்றுக்காரன். தண்டு குட்டை, இழையின் நுனி கூராக இல்லாமல் உருண்டிருக்கும், நிறம் பச்சையோ பழுப்போ. பார்க்க அழகாக இருப்பதால், காசு கொடுத்து வாங்கும் பபுள் டிப் சாமந்தியின் குட்டி என்று நினைத்து வளர்ப்பவர்கள் உண்டு. இதைப் பிரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. கீழே வரும் இறாலும் நத்தையும் ஐப்டேசியாவுக்குத்தான்; மஜானோ பக்கம் நத்தை திரும்பியும் பார்க்காது, இறாலை நம்பியும் பயனில்லை. உங்களிடம் இருப்பது மஜானோ என்றால் நேராகச் சுண்ணாம்புக்குப் போங்கள்.

இறாலில் இருந்து ஆரம்பிக்கிறேன், எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். பெப்பர்மின்ட் இறால், லிஸ்மாட்டா பேரினம். விலை குறைவு, ராத்திரியில் வெளியே வரும், சின்ன ஐப்டேசியாவைக் கொறித்துத் தின்னும். தின்னலாம், தின்னாமலும் இருக்கலாம். ஒரே தொட்டியில் இருந்து பிடித்த இரண்டில் ஒன்று வேலை செய்யும், மற்றது மீன் தீனிக்காகக் காத்திருக்கும். பெரிய ஐப்டேசியா பக்கம் பெரும்பாலும் போகாது. இதிலும் ஆள்மாறாட்டம் உண்டு. நான் முதலில் பெப்பர்மின்ட் என்று கேட்டு வாங்கி வந்தது கேமல் இறால். முதுகு கூன் போட்டிருக்கும், கண் பெரிது, சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும் பளிச்சென்று இருக்கும். பெப்பர்மின்டின் உடலோ கண்ணாடி மாதிரி, அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் மட்டும். கேமல் ஐப்டேசியாவை விட்டுவிட்டு ஜோயாந்திட் என்ற, கோரலுக்கு உறவான என் உயிர்களைத் தின்றது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றார்.

மீன் விஷயத்தில் நான் அவ்வளவு பேச மாட்டேன். ஐப்டேசியா தின்னும் ஃபைல்ஃபிஷ், அக்ரைக்திஸ் டோமென்டோசஸ், வேகமானது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி டேங்க்கில் விட்டேன், பத்து நாளில் எட்டும் இடத்தில் இருந்ததையெல்லாம் சுத்தமாகத் துடைத்தது. பதினோராவது நாள் என் அகான்தாஸ்ட்ரியா கோரலின் ஓரத்தைக் கடித்துப் பார்க்க ஆரம்பித்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெறும் மீனும் பாறையும் உள்ள டேங்க் என்றால் இதைவிட நல்ல தேர்வு இல்லை. காப்பர்பாண்ட் பட்டர்ஃபிளை மீனையும் சிலர் சொல்வார்கள். சாப்பிட வைப்பதே பெரும்பாடு, பெரிய டேங்க்கும் வேண்டும். பூச்சி கொல்ல அந்த மீனை வாங்கிப் பட்டினியில் சாகவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுண்ணாம்பு நம் வீட்டுச் சரக்கு. கடைகளில் கால்க்வாசர் என்று விற்பது கால்சியம் ஹைட்ராக்சைடுதான், வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றின சுண்ணாம்பு. அதற்காக வெற்றிலைக் கடையில் வாங்காதீர்கள், வாசனையும் சாயமும் கலந்திருக்கும். தூய பொடியை ஆர்.ஓ. தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, தடித்த ஊசி போட்ட சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். முதலில் ஒரு துளி தீனியை வாய்மேல் விட்டால் அது மறையாமல் விரிந்தே இருக்கும். தீனியை உள்ளே இழுக்கும் அந்த நேரத்தில் சுண்ணாம்பை மெல்ல இறக்கி மூடிவிட வேண்டும். வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி நிற்கும். கால்மணி நேரம் கழித்துப் பம்ப்பைப் போடலாம். காரம் அதிகமான சரக்கு, பிஎச் ஏறும். என் 120 லிட்டர் டேங்க்கில் ஒரு நாளைக்கு மூன்று நான்குக்கு மேல் நான் போனதில்லை. பத்துக்குள் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால், இதுதான் மலிவு, இதுதான் வேகம். பொந்துக்குள் இருப்பதை இதனால் தொட முடியாது என்பதுதான் குறை.

பாறையை வெளியே எடுத்துக் கொதிக்க வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பாறையில் பாலிதோவா என்ற ஜோயாந்திட் வகை ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு கிளம்பும், வெப்பத்தில் அது அழியாது. இப்படி வீடு முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் நிஜமாக நடந்திருக்கின்றன.

கடைசியாக என்னைக் காப்பாற்றியது நத்தை. பெர்கியா ஸ்டெஃபனியே, ஓடில்லாத கடல்நத்தை, வளர்ந்தாலும் இரண்டு சென்டிமீட்டர் வந்தால் அதிகம். இது ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. தின்னும்போது அதன் கொட்டும் செல்களை வெடிக்காமல் விழுங்கி, தன் முதுகில் உள்ள இழைகளில் சேமித்துத் தனக்கு ஆயுதமாக்கிக்கொள்ளும். ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு, டார்ச் முனையில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்று நத்தைகள் ஒரு பெரிய ஐப்டேசியாவைச் சுற்றி நின்றிருந்தன. ஒன்று தண்டில் வாயை வைத்தது, ஐப்டேசியா சுருங்கியது, மற்ற இரண்டும் நெருங்கின. காலையில் அந்த இடம் வெறும் பாறை.

ஆனால் பொறுமை வேண்டும். எட்டு நத்தை விட்டேன், முதல் ஒன்றரை மாதம் எதுவும் மாறவில்லை, பணம் போச்சு என்றே நினைத்தேன். அப்புறம் கண்ணாடியில் வெள்ளைச் சுருள் சுருளாக முட்டை தெரிந்தது. குட்டிகள் வளர்ந்து வேலையில் இறங்கிய பிறகுதான் எண்ணிக்கை சரிந்தது, நாலரை மாதத்தில் ஒன்றும் இல்லை. பொந்துக்குள் இருந்ததும் போனது, மற்ற மூன்று வழியிலும் கிடைக்காதது அதுதான். விலை அதிகம், பம்ப் வாயில் வலை கட்ட வேண்டும், ராஸ் மீன்கள் தின்றுவிடும், பெப்பர்மின்ட் இறாலும் விடாது. ஆகவே இறாலையும் நத்தையையும் சேர்த்து விடும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

நான் இருப்பது சிங்கப்பூர். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மன்னார் வளைகுடாவில் இருந்து பாறையோ கோரலோ எடுத்து வராதீர்கள். கடினக் கோரல்கள் 2001 முதலே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குள்ள அதே பாதுகாப்பு. உலர்ந்த செயற்கைப் பாறையில் ஆரம்பித்தால், இந்தக் கட்டுரைக்கே உங்களுக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது.

ஐப்டேசியா தீர்ந்ததும் நத்தைகள் பட்டினி கிடக்கும், அதனால் இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மிஞ்சியதில் ஐந்தைப் பிடித்து, மூடி போட்ட டப்பாவில், ஃபைல்ஃபிஷ் இரவல் கொடுத்த அந்த நண்பருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான், போன வாரம் ஒரு சிக்ஸ் லைன் ராஸ் வாங்கினேன் என்றார்.