58 சதவீத உயர்வும் 500 ரூபாய்க் கணக்கும்

கோவை சிங்காநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் அந்த வரிக் கணக்காளரின் அலுவலகம் வரும். நான்கு ஆண்டுகளாக வருமான வரி ரிட்டர்ன் போட அவரிடம்தான் போகிறேன். வேலை மாறுவது பற்றிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார் என்பது சென்ற ஜூலையில்தான் தெரிய வந்தது. அதற்கு அவர் வாங்கிய கட்டணம் 500 ரூபாய். எனக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக அமைந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் கணபதியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வார்ப்படம் கடைசலுக்குப் போய் வந்ததும் அளவு சரிபார்ப்பது என் வேலை. மாதச் சம்பளம் 38,000. அப்பா, அம்மாவுடன் சொந்த வீட்டில் இருக்கிறேன். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாக நிறுவனம் ஆண்டுக்கு 7,20,000 தருவதாகக் கடிதம் அனுப்பியது. என் ஆண்டுச் சம்பளம் 4,56,000. உயர்வு 58 சதவீதம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் இனிப்புகூட வாங்கியாகிவிட்டது.

கணக்காளர் ஐயா ஒரு பஞ்சாலையில் சம்பளப் பட்டியல் போட்டு ஓய்வு பெற்றவர். கடிதத்தைக் கையில் வாங்கியதும் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்து இணைப்பைத் திருப்பினார். ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஸ்கேலை வைத்து, விரலால் நகர்த்தி நகர்த்திப் படித்தார். பிறகு ஒரு நீளக் கணக்குத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் ‘இங்கே’, வலப்பக்கம் ‘அங்கே’ என்று எழுதினார்.

“கண்ணு, நீங்கள் இங்கே வாங்கும் சம்பளத்தை அங்கே சொல்லும் சி.டி.சி.யோடு, அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவோடு, ஒப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல” என்றார்.

அந்த 7,20,000 எப்படிக் கரைகிறது என்று அவர் காட்டிய விதம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. சிவப்பு மையில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். ஆண்டு முடிவில் நிறுவனம் பார்த்துத் தரும் வேரியபிள் தொகை 72,000. மாத அடிப்படைச் சம்பளம் 24,000 என்பதால் நிறுவனத்தின் பங்காகக் கட்டும் 12 சதவீத பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ஆண்டுக்கு 34,560. ஐந்தாண்டு நிறைந்து விலகுபவருக்குத் தரும் பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஏறக்குறைய 13,850. குழுக் காப்பீட்டு பிரீமியமும் என் கணக்கிலேயே சேர்க்கப்பட்டிருந்தது, 9,600. எல்லாம் போக மிஞ்சியது சுமார் 5,90,000. அதை 12 மாதத்துக்கு வகுத்து, என் பங்கு பி.எஃப்.பும் தொழில் வரியும் கழித்தால் கைக்கு வருவது 46,000. இங்கே இப்போது கைக்கு வருவது 35,500. உயர்வு 10,500 ரூபாய். சதவீதத்தில் சொன்னால் முப்பதுக்கும் சற்றுக் குறைவு.

வருமான வரியை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்திருந்தேன். அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000 வேறு இருக்கிறது, ஆகவே இரண்டு பக்கமும் பூஜ்யம்.

பி.எஃப்.பைப் பொறுத்தவரை நியாயமாகவே பேசினார். ஒரகடத்தில் இரு பங்கும் சேர்த்து மாதம் 1,200 ரூபாய் கூடுதலாகச் சேரும். “அது உங்கள் பணம்தான், ஆனால் இந்த மாத வாடகைக்கு உதவாது” என்று சொல்லி ஓரத்தில் தனியாகக் குறித்தார். வேலை மாறினால் யு.ஏ.என். என்கிற நிரந்தர பி.எஃப். எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும், ஐந்து ஆண்டு நிறையாமல் எடுத்துச் செலவழித்தால் அதற்கு வரி வரலாம் என்று இரண்டு முறை சொன்னார்.

அடுத்து அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதல்லவா, இப்போது காப்பீடு யார் தருகிறார்கள்?”

என் இப்போதைய நிறுவனம் பெற்றோரையும் சேர்த்துக் காப்பீடு செய்திருக்கிறது. புதிய கடிதத்தை இருவரும் மறுபடி படித்தோம். கணவர், குழந்தைகள் மட்டும் என்று இருந்தது. திருமணமாகாத எனக்கு அதனால் என்ன பயன்? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வெளியில் பாலிசி எடுத்தால் ஆண்டுக்கு 40,000 ஆகும் என்று ஏற்கெனவே ஒரு முகவர் சொல்லியிருந்தார். பணம் கட்டினாலும் முன்பே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு 61 வயது. அந்த மூன்று ஆண்டுகளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு மீதியை எழுதினோம். விடுதியும் சாப்பாடும் 8,500. மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போக ஸ்லீப்பர் டிக்கெட், இரு பக்கமும் பஸ், ஆட்டோ சேர்த்து 2,000. காப்பீட்டுக்கு மாதக் கணக்கில் 3,300. கூட்டினால் 13,800. உயர்வோ 10,500. ஆக, வேரியபிள் தொகை முழுவதும் வந்தால்தான் மாதத்துக்கு 2,700 மிஞ்சும். வராவிட்டால் 3,300 கையை விட்டுப் போகும்.

கடைசியாக நான் வேலைக்குச் சேர்ந்த தேதியைக் கேட்டார். 2021 பிப்ரவரி 1 என்றேன். அடிப்படைச் சம்பளம் 19,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்கினார். 54,807. ஐந்தாண்டு நிறைந்தால் எனக்கு வர வேண்டிய பணிக்கொடை அது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் எடுத்துச் சொன்னார். ஆனால் எல்லா நிறுவனமும் கேட்டவுடன் அதை ஒப்புக்கொள்ளாது, பிப்ரவரி தாண்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை என்றார். இந்தப் பணம் ஒன்று இருப்பதே எனக்கு நினைவில் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரிட்டர்ன் போடும் காலத்தில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் படியில் நின்றேன். தொலைபேசியில் கணக்குச் சொல்ல மாட்டார். தாளில் உள்ள சுருக்கெழுத்தை அவரே படித்துச் சொன்னால்தான் புரியும். இன்னொன்று, தாளின் கடைசிக் கட்டத்தில் ‘தொழில்’ என்று எழுதி இரு பக்கமும் காலியாக விட்டுவிட்டார். ஒரகடத்தில் முப்பரிமாண அளவு எந்திரத்தில் வேலை செய்யலாம். எங்கள் ஆலையில் அது இல்லை. இன்னும் வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான். அதற்கு என்ன விலை போடலாம் என்று கேட்டேன். “அது உங்கள் கட்டம் கண்ணு, எனக்கு அந்த வேலை தெரியாது” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரிடம் பணம் கொடுத்துக் கணக்குப் பார்ப்பதில் எனக்கு முழு நிம்மதி.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரகடத்துக்கு மூன்று கேள்விகள் எழுதினேன். பெற்றோரைக் காப்பீட்டில் சேர்க்க முடியுமா, வேரியபிளில் பாதியை நிலையான சம்பளமாக்க முடியுமா, பிப்ரவரியில் வந்து சேரலாமா? ஆண்டுக்கு 14,000 நானே கட்டினால் பெற்றோரைக் குழுக் காப்பீட்டில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அதுவே பெரிய விஷயம்; நான் கேட்டிருக்காவிட்டால் அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருக்காது. மற்ற இரண்டுக்கும் மறுத்துவிட்டார்கள். அக்டோபருக்குள் சேர வேண்டும் என்றார்கள். அப்படிப் பார்த்தாலும், வேரியபிள் வராவிட்டால் மாதம் சுமார் 1,200 ரூபாய் கையைக் கடிக்கும். பணிக்கொடையும் கைவிட்டுப் போகக்கூடும்.

வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். வருத்தம் இருந்தது, அந்த எந்திரத்தின் மேல் ஆசை இன்னும் இருக்கிறது. பிப்ரவரிக்குப் பிறகு வேறு கடிதம் வந்தால் மறுபடி அதே மாடிப்படிதான் ஏறுவேன்.

போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். புதிய கடிதம் இணைப்போடு முழுவதும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய நியமன ஆணை, பி.எஃப். பாஸ்புக் பிரதி ஆகியவை வேண்டும். காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நான் மறந்துவிட்டு மறுநாள் மறுபடி போக வேண்டியிருந்தது. இரண்டாவது முறைக்கு அவர் பணம் வாங்கவில்லை.