பிரபு வம்சத்தின் வேரைத் தேட எந்த ஆவணத்தை நம்புவது?

இங்கிலாந்தில் டென்பி எர்ல் என்ற பிரபுப் பட்டம் பெற்ற ஃபீல்டிங் குடும்பத்தார், தாங்கள் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் கிளை என்று 17ஆம் நூற்றாண்டில் உரிமை கொண்டாடினார்கள். ஆதாரமாகப் பழைய சாசனங்களையும் காட்டினார்கள். வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பனே அதை நம்பினார். ஜே. ஹொரேஸ் ரவுண்ட் என்ற ஆய்வாளர் பின்னாளில் அந்தச் சாசனங்களைத் துருவிப் பார்த்து, அவை போலி என்று நிறுவினார். இங்கிலாந்துப் பிரபு குடும்பம் எதைத் தேடினாலும் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தேடுபவர் கையில் முதலில் சிக்குவது பிரபுக் குடும்பங்களைப் பட்டியலிடும், 1826இல் தொடங்கிய பர்க்ஸ் பீரேஜ் போன்ற அச்சு நூல்கள். குடும்பத்தார் தந்த தகவல்களே அவற்றில் நிறைய. பெயர்களைத் தெரிந்துகொள்ளப் போதும், சான்றாகாது.

உண்மையான போட்டி இரண்டு பழைய ஆவணங்களுக்கு இடையில்தான். ஒன்று, ஹெரால்டுகள், அதாவது குடும்பங்களின் மரபுச் சின்னங்களைக் கவனித்த அதிகாரிகள், ஊர் ஊராகப் போய் எழுதிய விசிட்டேஷன் பதிவு. 1530 தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, அரசின் ஹெரால்டுகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், மரபுச் சின்னம் வைத்திருந்த குடும்பங்களின் வம்சாவளியை எழுதி வாங்கினார்கள். பெரும்பாலும் இவை பட்டமில்லாத நிலக்கிழார் குடும்பங்கள். அதனால், பின்னால் பட்டம் பெற்ற வம்சங்களின் முன்கதைக்கும் கிளைகளுக்கும் நன்றாக உதவும். இளைய மகன்கள், மகள்கள், மருமகன்கள் என்று எல்லோரும் வருவார்கள். ஆனால் சொல்பவர் குடும்பத்தலைவர். அப்பா, தாத்தா வரைக்கும் சரி. அதற்கு மேலே போகப் போக ஆசையும் கலந்துவிடும்.

இன்னொன்று, இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டெம். பெயரைப் பார்த்துப் பிரேதப் பரிசோதனை என்று எண்ணிவிட வேண்டாம். அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், எஸ்கீட்டர் என்ற அதிகாரி உள்ளூர் ஆட்களை ஜூரியாக வைத்து நடத்திய நில விசாரணை இது. இறந்த நாள், நிலங்கள், வாரிசு யார், அவருக்கு என்ன வயது என்று எழுதிவைப்பார்கள். ‘முப்பதும் அதற்கு மேலும்’ என்றிருந்தால் அது குத்துமதிப்பு. ஆனால் வாரிசு சிறுவன் என்றால் கணக்கில் கவனம் கூடும். ஏனென்றால் 21 வயது ஆகும்வரை அவனுடைய நிலமும், அவனுக்குத் திருமணம் முடிவுசெய்யும் உரிமையும் அரசரின் கையில். அதில் நல்ல வருமானம் இருந்தது. குடும்பப் பெருமைக்காக எழுதப்படாத கணக்கு என்பதால்தான் என் வாக்கு இதற்கு. 13ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரையிலான இந்த ஏடுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இதிலும் ஓட்டை உண்டு. மூத்த மகன் இருந்தால் தம்பி, தங்கைகள் பெரும்பாலும் வரமாட்டார்கள். மகன் இல்லாவிட்டால் மகள்கள் எல்லோருமே கூட்டு வாரிசுகள் என்பதால் அத்தனை பேரும் பதிவாவார்கள். அப்புறம், நிலத்தை முன்கூட்டியே அறங்காவலர்கள் பெயருக்கு மாற்றிவிட்ட பிரபுக்களும் உண்டு. அப்போது ஏட்டில் நிலம் குறைவாகத் தெரியும்.

தம்பி, தங்கைகளுக்கு உயில்களைப் பாருங்கள். உயில்களை உறுதிசெய்த திருச்சபை நீதிமன்றமான கேன்டர்பரி பிரரோகேட்டிவ் நீதிமன்றத்தில் 1858 வரை பதிவான உயில்களில், யாருக்கு வெள்ளிக் கிண்ணம், எந்த மகளுக்கு எவ்வளவு சீதனப் பணம் என்பதுவரை வரும். 1538இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவால் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள் ஞானஸ்நான, அடக்க நாட்களைத் தரும். ஆனால் தொடக்க கால ஏடுகள் பல ஊர்களில் மிஞ்சவில்லை. முதலில் விசாரணை ஏடு, அடுத்து உயில், அதன்பின் விசிட்டேஷன் என்ற வரிசையில் போனால், குடும்பம் சொன்ன கதையை முன்னதாகக் கிடைத்த சான்றோடு ஒத்துப்பார்க்க முடியும்.