அடிமூலையில் ஓர் எண்

போன கிழமை பற்றரி மாற்றினேன். ஆறு வருடம் உழைத்த மின்புத்தக வாசிப்புக் கருவி, காலையில் சார்ஜ் ஏற்றினால் மாலைக்குள் படுத்துவிடும் நிலைக்கு வந்திருந்தது. எப்படியோ செய்தி அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டது. மச்சாள் போன் எடுத்தாள்: "மச்சாள், இப்ப விலை இறங்கி இரிக்காம். நானும் ஒண்டு வாங்கட்டா? கதைப்புத்தகம் வாசிக்கத்தான்." ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல நினைத்தது முழுவதும் இது.

திரை எத்தனை அங்குலம், எத்தனை புத்தகம் கொள்ளும் என்பதையெல்லாம் விற்கிறவர்களே சொல்லுவார்கள். கதை வாசிக்கிறவளுக்கு அது என்ன செய்யும் என்பதை யாரும் சொல்லுவதில்லை.

எனக்குத் துப்பறியும் கதை வேண்டும். கணேஷ்–வசந்த், பரத்–சுசீலா, ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் என்று வளர்ந்தவள். எங்கள் கல்லடி வீட்டில் அலுமாரி நிறைய இருந்தன. ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் ஊறும், கொஞ்சம் பூஞ்சணம் பிடிக்கும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். 2019 டிசம்பரில் கட்டாரிலிருந்து தம்பி இந்தக் கருவியை அனுப்பியபோது அலுமாரியில் பதினைந்து புத்தகம்கூட இல்லை.

முதலில் அதன் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். போன் செத்துக் கிடக்கும், மின்விசிறி இல்லை, வெளியே இருந்தால் நுளம்பு. நான் நுளம்புவலைக்குள் கருவியோடு இருந்தேன். இதன் திரைக்குள் கறுப்பும் வெள்ளையுமான நுண்ணிய துணிக்கைகள் இருக்கின்றன. பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் அவற்றை நகர்த்துகிறது. பக்கம் அப்படியே நிற்கும்வரை செலவே இல்லை, முன்விளக்குத்தான் கொஞ்சம் குடிக்கும். அந்த நாட்களில் ஒரு சார்ஜ் எனக்கு மூன்று கிழமை வந்தது. ஊரே இருண்டு கிடக்க, வாவிப் பக்கத்திலிருந்து காற்று வர, வலைக்குள் சின்ன வெளிச்சத்தில் ஒரு கொலைக்குத் துப்புத் தேடிக்கொண்டிருந்த இரவுகள் அவை. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக வேறெப்போதும் வாசித்ததில்லை.

புத்தகம் வாங்குவதுதான் அந்த வருடம் வலித்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. பத்து டொலர் நாவல் இரண்டாயிரமாக இருந்து மூவாயிரத்து அறுநூறாகிவிட்டது. அப்போதுதான் இலவசத் தமிழ்க் கோப்புகளைத் தேடிப் போனேன். பழைய கோப்புகள் சிலவற்றில் எழுத்து குலைந்து வரும். ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக "கொலை" என்ற சொல்லே சிதறிக் கிடக்கும். எழுத்துருவை மாற்றியதும் அது சரியாகிவிட்டது. அதைக் குறையாகச் சேர்க்கவில்லை.

குறை வேறு. திரையின் அடியில், வலது மூலையில், ஒரு எண். புத்தகத்தில் எத்தனை வீதம் வாசித்துவிட்டாய் என்று சொல்லும் எண்.

ஒரு துப்பறியும் நாவலில் 34 வீதத்தில் ஒருவனைப் பொலிஸ் பிடிக்கிறது என்று வையுங்கள். எழுதியவர் அவனுக்கு எதிராகச் சாட்சி அடுக்கியிருப்பார், கத்தியில் கைரேகை வைத்திருப்பார், பழைய பகை ஒன்றைத் தோண்டி எடுத்திருப்பார். ஒன்றும் பலிக்காது. கண் கீழே போகும். 34. இவன் இல்லை. இன்னும் அறுபத்தாறு வீதத்துக்கு இவனை வைத்துக் கதை ஓடாது. அந்த அடுக்கல் அத்தனையையும் ஒரு எண் தட்டிவிட்டுப் போய்விடும்.

கடதாசிப் புத்தகத்திலும் வலக்கையில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும்தானே என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி, நானும் நிறைய யோசித்தேன். கை அறிவது வேறு, கண் அறிவது வேறு. பெருவிரலுக்குக் கீழே தாள் குறைந்துகொண்டு வருவது கதைக்குள்ளே மூழ்கினால் மறந்துபோகும். எண் மறக்க விடாது. ஒவ்வொரு பக்கமும் திரும்பத் திரும்ப நின்று சொல்லும்.

அது சரியான எண்ணாக இருந்தாலும் பொறுக்கலாம். கோப்பின் தொடக்கத்திலிருந்து கடைசி எழுத்துவரை அளந்து கணக்குப் போடுகிறது. இப்போது வருகிற ஆங்கிலத் திரில்லர்களில் கதை முடிந்த பிறகு நன்றியுரை, அதன் பிறகு அதே எழுத்தாளரின் அடுத்த நாவலிலிருந்து இரண்டு மூன்று அத்தியாயம் வைக்கிறார்கள். எல்லாமே அந்தக் கணக்குக்குள். 91இல் கொலைகாரன் பிடிபடுகிறான். இன்னும் ஒன்பது வீதம் இருக்கிறதே, இவன் உண்மையான ஆள் இல்லை, பின்னால் இன்னொரு திருப்பம் நிற்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் தள்ளினால், "என் மனைவிக்கும் பதிப்பாசிரியருக்கும் நன்றி." அழகாக முடிந்த ஒரு கதையின் முடிவை நான் முடிவென்றே அறியாமல் வாசித்திருக்கிறேன். அந்தக் கடைசி வரியை ஆறுதலாக வாசிக்கும் பாக்கியம் இனி எனக்கு இல்லை. முதல் வாசிப்பு ஒரு தரம்தான்.

மறைக்கலாம். அடிமூலையைத் தொட்டால் எண் போய்விடும். ஆனால் அதே மூலையில்தான் பஸ்ஸில் பிடிக்கிற பெருவிரல் போய் நிற்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், நான் தினமும் போய்வருகிற பாதை. இருக்கை கிடைத்தால் ஆரையம்பதி வரும்போது புத்தகத்துக்குள் இருப்பேன். களுவாஞ்சிகுடியில் பஸ் ஒரு பிறேக் போடும், விரல் அழுத்தும், எண் வந்து நிற்கும். காயத்துக்கு ஒட்டுகிற கடதாசிப் பிளாஸ்ரரை வெட்டி மூலையில் ஒட்டியும் பார்த்தேன். வியர்வையில் கழன்று, பசை திரையில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

எல்லாக் கதைக்கும் அந்த எண் ஒரே தீங்கு செய்வதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஒஸ்மனின் 'த தேஸ்டே மேர்டர் கிளப்' (2020) வாசித்தபோது எண்ணை நான் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் ஓய்வுபெற்றவர்களின் குடியிருப்பு. நான்கு முதியவர்கள் வியாழன்தோறும் கூடி, துப்புத் துலங்காத பழைய கொலை வழக்குகளைக் கிளறுகிறார்கள். முன்னாள் தாதி ஜோய்ஸின் நாட்குறிப்பு இடையிடையே வரும். கொலைகாரன் யார் என்பதைவிட ஜோய்ஸ் அடுத்து என்ன எழுதப்போகிறா என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. சிரிக்க வைக்கிற துப்பறியும் கதை பேச்சில் வாழ்கிறது. பேச்சை எண்ணால் கெடுக்க முடியாது.

ஒரே ஒரு தடவை எண் எனக்கு நன்மையும் செய்தது. அந்தனி ஹொரோவிட்ஸின் 'மேக்பை மேர்டர்ஸ்' (2016) ஒரு நாவலுக்குள் இன்னொரு நாவல். ஒரு பதிப்பகத்தில் வேலை செய்கிற பெண் கையெழுத்துப் படி ஒன்றை வாசிக்கிறாள். நாமும் அவளோடு சேர்ந்து வாசிக்கிறோம். உள்ளே இருக்கிற துப்பறிவாளர் எல்லாம் தெரிந்துவிட்டது என்கிறார். கீழே பார்த்தால் ஏறத்தாழ அரைவாசி. இது எப்படி என்று திகைத்து நிற்கும்போதே அந்தப் படியின் கடைசி அத்தியாயம் காணாமல் போயிருப்பது தெரியவருகிறது. களுவாஞ்சிகுடியில் பஸ் நின்றதும் தெரியாது, கிளம்பினதும் தெரியாது.

காதல் கதை பக்கம் அம்மாவுடையது. ரமணிசந்திரன் நாவல்களை அயல் வீடுகளில் இரவல் வாங்கி வாசித்தே வந்தவ. கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு சிறிய எழுத்து பிடிபடவில்லை. இரண்டு வருடம் ஒன்றும் வாசிக்காமல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தா. ஒரு நாள் நான் குளிக்கப் போன நேரம் கருவியை எடுத்துக் கொடுத்து, எழுத்தைப் பெருப்பிக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் போனேன். ஒரு பக்கத்தில் பத்து வரிதான் வரும் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தா. திரும்பி வந்து கேட்டபோது நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பொறு மகள், மறுகா தாறன்" என்றா. அன்று இரவுவரை தரவில்லை.

அம்மாவுக்கு அந்த எண் பிடிக்கும். "எழுபத்தஞ்சு வந்திட்டு. இனி இவங்க ரெண்டு பேரும் பிரிவாங்க பாரு" என்பா. பிரிவார்கள். "தொண்ணூறு. இப்ப அவன் ஸ்டேஷனுக்கு ஓடி வருவான்." ஓடி வருவான். சேரப்போவது முதல் பக்கத்திலேயே தெரிந்த இருவருக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்த்துப் பார்த்து ரசிக்கிறா. கோயில் வீதியைச் சுற்றிவரும் தேரைப் பார்க்கிற மாதிரி. எங்கே வந்து நிற்கும் என்று ஊருக்கே தெரியும், அதற்காக யாரும் வீட்டில் இருந்துவிடுவதில்லை. நான் அப்படி இல்லை. எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். தெரியாமல் இருப்பதற்காகத்தான் காசு கொடுக்கிறேன்.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். பற்றரி மாற்ற நகரில் முதல் ஏறின கடையில் இதைத் திறக்கவே முடியாது என்றார்கள். இரண்டாவது கடைத் தம்பி பொறுமையாகத் திறந்து மாற்றித் தந்தான், நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எல்லா அமைப்பும் பழைய நிலைக்குப் போய்விட்டதை நான் கவனிக்கவில்லை. எட்டு மாதமாகக் காத்திருந்து வாங்கின நாவல் ஒன்று இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன், வாசிக்காதவர்கள் இருப்பார்கள். சனிக்கிழமை இரவு அதைத் தொடங்கி, ஞாயிறு பின்னேரம் அந்த இடத்துக்கு வந்தேன். ஊர் வைத்தியர், எல்லாருக்கும் நல்லவர், தானே கொலை செய்ததாக ஒப்புக்கொள்கிறார். அடுத்த அத்தியாயம் முழுவதும் அவருடைய மனைவி. சமைத்த சாப்பாடு ஆறிக்கிடக்க, அவருடைய சப்பாத்தைத் துடைத்துத் துடைத்து வாசலில் வைக்கிறாள். எழுதியவர் அந்த அத்தியாயத்தை எவ்வளவு மனதோடு எழுதியிருக்கிறார் என்று ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. கீழே 71 என்று இருந்தது. 71இல் ஒப்புக்கொள்கிறவர் கொலைகாரர் இல்லை, யாரையோ காப்பாற்றுகிறார். அந்தப் பெண்ணின் துயரம் பொய்யான செய்திக்குப் பட்ட துயரம் என்று எனக்கு முன்னமே தெரிந்துவிட்டது. அவளோடு சேர்ந்து நம்புவதற்குக்கூட என்னை விடவில்லை. கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். உண்மையாகவே கோபம் வந்தது, இன்னும் போகவில்லை.

ஆகவே மச்சாளுக்கு என் பதில்: வாங்க வேண்டாம். மின்வெட்டில் துணையிருந்தது உண்மை, அம்மாவுக்கு வாசிப்பைத் திருப்பித் தந்தது உண்மை, ஆறு வருடத்தில் ஒரு பற்றரியைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்பதும் உண்மை. நீயும் என்னைப் போலக் கொலைக் கதைக்காரி. கடதாசியில் வாங்கு. காதல் கதை என்றால் இன்றைக்கே வாங்கு, பற்றரி மாற்றித் தந்த கடையையும் சொல்லுகிறேன்.

அதுவரை என்னுடையதைக் கொஞ்ச நாள் தா என்று கேட்டாய். இரவு அம்மாவிடம் கேட்டேன். வலைக்குள்ளிருந்து, "அறுபத்தெட்டில நிக்கிறன், இப்ப கேளாத" என்றா.