பாக்கெட்ட்ரில்: நெரிசல் கட்டுப்பாட்டு பேட்ச்சைப் பரிசோதிக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

லினக்ஸ் கெர்னலின் டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டுக்கு (வலையின் நெரிசலுக்கேற்ப அனுப்பும் அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) வரும் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், பெரும்பாலும் பத்து, பதினைந்து வரிதான் இருக்கும். படித்தால் கணக்கு சரியாகவே தெரியும். எந்த அக் (பாக்கெட் கிடைத்தது என்ற ஒப்புகை) எந்த நேரத்தில் வந்தால் கஞ்செஷன் விண்டோ (அக் வருமுன் அனுப்பக்கூடிய பாக்கெட் எண்ணிக்கை) எவ்வளவு ஆகிறது என்று ஓட்டிப் பார்த்தால்தான் பிழை பிடிபடும். அந்த வேலைக்கென்றே கூகுள் 2013-இல் திறமூலமாக வெளியிட்ட கருவி பாக்கெட்ட்ரில். இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எல்லைகள் தெரியாமல் பயன்படுத்தினால் நல்ல பேட்ச்சையே தவறென்று திருப்பி அனுப்ப நேரும்.

பைசன், ஃப்ளெக்ஸ் என்ற தொகுப்புக் கருவிகள் இரண்டும் இருந்தால் நிறுவுவது சில நிமிட வேலை. ஓட்டுவதற்கு ரூட் உரிமை வேண்டும், ஏனென்றால் இது டன் இடைமுகம் (மென்பொருளாலான பிணைய இடைமுகம்) ஒன்றை உருவாக்கி, எதிர்முனைக் கணினியாகத் தானே நடிக்கிறது. உள்ளே வரவேண்டிய பாக்கெட்டுகள், வெளியே போகவேண்டியவை, சிஸ்டம் கால்கள் (நிரல் கெர்னலுக்கு விடுக்கும் அழைப்புகள்) எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரே ஸ்கிரிப்ட்டில் எழுதலாம். நடுவில் பைத்தான் வரி ஒன்றைச் செருகி ‘இப்போது விண்டோ 20தானா?’ என்று கெர்னலையே கேட்கலாம். இதன் உயிர்நாடி அந்த ஒரு வசதிதான்.

இது எங்கே கைகொடுக்கும் என்பதற்கு, லினக்ஸின் இயல்பான நெரிசல் கட்டுப்பாட்டு முறையான க்யூபிக்கில் 2015-இல் நடந்த திருத்தமே நல்ல உதாரணம். க்யூபிக் விண்டோவை நேரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்க்கிறது. அப்ளிகேஷன் எதுவும் அனுப்பாமல் சும்மா இருந்த நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. கெழு 0.4, வளைவின் நடுப்புள்ளியைத் தாண்டிப் பத்து வினாடி ஓடிவிட்டால், இலக்கு பழைய உச்சத்தைவிட 400 பாக்கெட் மேலே போய்விடும். திருத்தம் எளிது: சும்மா இருந்த நேரத்தை வளைவின் தொடக்க நேரத்தோடு கூட்டிவிட வேண்டும். ஆனால் அந்தத் திருத்தத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. சும்மா இருந்த நேரம் கடைசியாக அனுப்பிய கணத்திலிருந்து அளக்கப்படுகிறது. தொடக்க நேரமோ அக் வரும்போது பதிவாகிறது. கடைசி பாக்கெட் 100-ஆம் மில்லிசெகண்டில் போனது, அக் 150-இல் வந்து தொடக்கமானது, மறுபடி அனுப்புவது 1000-இல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 900-ஐக் கூட்டினால் தொடக்கம் 1050, அதாவது எதிர்காலம்! அதை ‘இப்போது’ என்பதிலிருந்து கழித்தால் எதிர்ம எண், எதிர்ம எண்ணைக் கொள்ளாத குறியில்லா மாறியில் அது பிரம்மாண்டமான எண். அதே மாதத்தில் அடுத்த பேட்ச் வந்து, தொடக்கம் ‘இப்போது’ என்பதைத் தாண்டாமல் தடுத்தது. அனுப்பு, அக் வாங்கு, ஓர் இழப்பு, மீள், சில வினாடி சும்மா இரு, மறுபடி அனுப்பு, விண்டோவைக் கேள் என்று இருபது முப்பது வரி ஸ்கிரிப்ட் எழுதினால் இந்த இரண்டு பிழையையுமே கண்முன்னே நிறுத்தலாம். நேரம் நிஜமாகவே ஓடும் என்பதால் பத்து வினாடி ஓய்வுக்குப் பத்து வினாடி காத்திருக்கத்தான் வேண்டும்.

இனி, ஸ்கிரிப்ட் பொய் சொல்லும் இடங்கள். முதலாவது ஹைஸ்டார்ட், அதாவது ஸ்லோ ஸ்டார்ட்டை (இணைப்பின் தொடக்கத்தில் விண்டோ வேகமாக வளரும் கட்டம்) இழப்பு வருமுன்பே நிறுத்தப் பார்க்கும் வசதி. க்யூபிக்கில் இது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோ 16-ஐ எட்டியதும் விழித்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட்டில் அக்குகளை 2 மில்லிசெகண்டுக்கும் குறைந்த இடைவெளியில் வரிசையாக விட்டால், அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு ஸ்லோ ஸ்டார்ட்டை முடித்துவிடக்கூடும். பேட்ச் அதைத் தொடவில்லை என்றால் மாட்யூல் அளவுருவில் அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இரண்டாவது, எழுதும் தரவு போதாமை. விண்டோ 10 இருக்கும்போது ஐந்து பாக்கெட் மட்டும் அனுப்பினால் விண்டோ வளராது. கெர்னல் வேண்டுமென்றே செய்வது அது, பேட்ச்சின் குற்றமல்ல. விண்டோ நிரம்பும்படி எழுதுங்கள். மேலும், 1000 பைட்டாகப் பத்து பாக்கெட் எதிர்பார்க்கும் இடத்தில் 10000 பைட்டாக ஒன்றே வரலாம். பல பாக்கெட்டைப் பெரிய ஒன்றாகவே கீழே அனுப்பும் டிஎஸ்ஓ செய்யும் வேலை.

நேரச் சகிப்பு (ஸ்கிரிப்ட் சொன்ன நேரத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது) இன்னொரு தலைவலி. பளு ஏறிய விர்ச்சுவல் மெஷினில் சில மில்லிசெகண்ட் தள்ளிப்போனாலே சோதனை தோல்வி என்று காட்டும். சகிப்பளவை மைக்ரோசெகண்டில் கூட்ட முடியும். தாராளமாகக் கூட்டினால் நிஜப் பிழையும் நழுவிப்போகும், எனவே முதலில் பளுவைக் குறையுங்கள்.

இதனால் முடியாதது ஒன்று உண்டு: இரண்டு இணைப்புகள் ஒரே குழாயை நியாயமாகப் பங்கிடுகின்றனவா என்று காட்ட முடியாது. 2016-இல் 4.9 கெர்னலோடு வந்த பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை போல வேகத்தை அளந்து இயங்குபவற்றுக்கு ஸ்கிரிப்ட் நீண்டுகொண்டே போய்ப் பராமரிக்க முடியாததாகிவிடும். அங்கே, தாமதம், இழப்பு எல்லாவற்றையும் செயற்கையாக உண்டாக்கும் நெட்எம் வேண்டும். அதையும் அனுப்பும் கணினியிலேயே போடாதீர்கள். அங்கே டிசிபியின் சொந்த வரிசைக் கட்டுப்பாடு குறுக்கிட்டு அளவைக் கெடுக்கும். நடுவில் தனிக் கணினியோ தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸோ (ஒரே கணினிக்குள் பிரித்துவைத்த தனிப் பிணையம்) வையுங்கள். நெட்எம்மின் வரிசை வரம்பு இயல்பாக 1000 பாக்கெட். 1 கிகாபிட், 100 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் வழியில் நிற்பது 12.5 எம்பி, அதாவது 1500 பைட்டில் சுமார் 8,300 பாக்கெட். வரம்பை உயர்த்தாவிட்டால் நெட்எம்மே பாக்கெட்டைக் கொட்டும், பழி பேட்ச் மேல் விழும்.

2024-இல் பாக்கெட்ட்ரில் சோதனைகள் கெர்னலின் சொந்தச் சோதனைத் தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டன. ஆகவே விண்டோ கணக்கைத் தொடும் பேட்ச் ஸ்கிரிப்ட் இல்லாமல் வந்தால், வரி வரியாக விவாதிப்பதற்கு முன் ஸ்கிரிப்ட்டைக் கேளுங்கள். பேட்ச் இல்லாத கெர்னலில் அது தோற்கவேண்டும், பேட்ச் போட்டபின் ஜெயிக்கவேண்டும். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.