விலை இறங்கும்போது வீடு: வாங்குவதா, வாடகையிலேயே இருப்பதா?

வீட்டு விலை இறங்குகிறது என்றதும் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். வாங்கிப் போட்டுவிடலாமா, இன்னும் கொஞ்ச காலம் வாடகையிலேயே ஓட்டலாமா? கணக்குப் போட்டுப் பார்த்து வாடகையிலேயே இருந்துவிட்டோம். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

சொந்த வீட்டின் வசதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம், காலி செய்யச் சொல்லவும் ஆள் இல்லை. வாடகையில் பெரிய பழுது வந்தால் செலவு வீட்டுக்காரர் பாடு.

அப்புறம், 'வாடகை வீண், தவணை கட்டினால் சொத்து' என்ற வாதம். 8% வட்டியில் 20 ஆண்டுக்கு 100 கடன் வாங்கினால், முதல் 5 ஆண்டில் ஏறக்குறைய 50 கட்டியிருப்போம். அதில் அசலில் கழிவது வெறும் 12.5. மீதி எல்லாம் வட்டி. வாடகையைப் போலவே அதுவும் திரும்பி வராத பணம்தான்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுவல்ல. வேண்டும்போது வெளியே வர முடியுமா என்பதுதான். 100 மதிப்புள்ள வீட்டைக் கையிலிருந்து 20, கடனாக 80 போட்டு வாங்குகிறோம் என்று வையுங்கள். இரண்டு ஆண்டில் விலை 20% இறங்கினால் வீடு 80க்குப் போகும். கடன் பாக்கி இன்னும் 76க்கு மேல். தரகும் மற்ற செலவும் போனால் நாம் போட்ட 20இல் கையில் ஒன்றும் மிஞ்சாது. இன்னும் கொஞ்சம் இறங்கினால், விற்பதற்கே நாம் மேல் பணம் போட வேண்டும்.

விற்காமல் இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். தவணை தடையில்லாமல் கட்ட முடிகிறவரை ஒன்றும் இல்லை, சரி. ஆனால் வேலை போவதும் விலை விழுவதும் பல நேரம் சேர்ந்தே வருகின்றன. அமெரிக்காவில் 2006இல் உச்சம் தொட்ட வீட்டு விலை 2012 வரை சரிந்துகொண்டே போனது; நடுவில், 2009 அக்டோபரில், வேலையின்மை 10% ஆனது. வேறு ஊரில் வேலை கிடைத்தும் வீட்டை விற்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வாடகைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்த்தோம். நாங்கள் பார்க்கப்போன ஒரு வீட்டின் உரிமையாளர் சொன்ன விலை அக்கம்பக்கத்து விலைக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அது அவருடைய கடன் பாக்கி. அதற்குக் கீழே அவரால் இறங்க முடியாது. இறங்கும் சந்தையில் முதலில் குறைவது விற்பனையின் எண்ணிக்கைதான். கேட்கும் விலை அப்புறம்தான் மெல்ல இறங்கும். 'இவ்வளவு குறைத்துவிட்டார்கள்' என்று அவசரப்பட வேண்டியதில்லை என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

அடிமட்டம் வரட்டும் என்று காத்திருப்பதும் எளிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். அயர்லாந்தில் 2007 முதல் 2013 வரை விலை ஏறக்குறைய பாதியானது, பிறகு வேகமாக ஏறியது. திரும்பும் நாளை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் நான் விலையை மட்டும் பார்ப்பதில்லை, ஆண்டு வாடகை வீட்டு விலையில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறேன். அது 3% ஆகவும் கடன் வட்டி 8% ஆகவும் இருக்கும்வரை வாடகைதான் மலிவு. விலை இறங்கி, வாடகை அப்படியே நின்றால் இடைவெளி சுருங்கும். அப்போது வாங்கலாம்.

பத்து ஆண்டுக்கு மேல் அதே ஊர் என்று உறுதியாகத் தெரிந்து, பாதி விலையாவது கையில் இருப்பவருக்கு என் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அவர் பேரம் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் வாடகையில் இருப்பது எப்படி என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. வருமானம் நின்ற பிறகும் வாடகை ஏறும் என்பது யோசிக்க வைக்கிறது. வீட்டுக்காரரே தவணை கட்ட முடியாமல் வீட்டை விற்றால் நாமும் கிளம்ப வேண்டிவரும். எங்களுக்கு இதுவரை அப்படி நேரவில்லை. இருந்தாலும் ஒப்பந்தத்தில் காலி செய்ய எவ்வளவு அவகாசம் தருகிறார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.