மாசு அபராதம் எந்த வழியாகப் பள்ளிக்கு வர வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தென்பகுதியில், இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் ஒரு காகித ஆலையையும் அண்டை வீடாகக் கொண்டு, நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஊர் மியர்பேங்க். அங்குள்ள செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு, பரிசோதித்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் ஆஸ்துமா அறிகுறி இருந்ததாகச் சொன்னது. அந்த இரு சுத்திகரிப்பு ஆலைகளில் எஞ்சன் (Engen) 2020 டிசம்பர் வெடிவிபத்துக்குப் பிறகும், சாப்ரெஃப் (SAPREF) 2022-லும் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டன. எனினும் எண்ணெய்க் கிடங்குகளும் மற்ற ஆலைகளும் ஓயாத லாரிப் போக்குவரத்தும் அப்படியே இருப்பதால், மாசு செய்தவர் கட்டும் அபராதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வழியில் பயன்பட வேண்டும் என்று கேட்க இன்றும் காரணம் இருக்கிறது.

முதல் வழி, இப்போதைய நடைமுறை. 2004-ஆம் ஆண்டுக் காற்றுத்தரச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு ஐந்து மில்லியன் ராண்ட் வரை அபராதமோ, ஐந்தாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பணம் அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. அபராதம் விதிப்பவருக்கு அந்தப் பணத்தில் தனி நலன் இல்லை என்பது இதன் உண்மையான பலம். ஆனால் அந்தப் புகையைச் சுவாசித்த பிள்ளையின் வகுப்பறைக்கு அது திரும்பி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இரண்டாவது, கலிபோர்னியாவின் வழி. அங்கே மாசு செய்த நிறுவனம் அபராதத்தின் ஒரு பகுதியை, அதிகபட்சம் பாதியை, பாதிக்கப்பட்ட பகுதியின் நலத்திட்டத்துக்குச் செலுத்தலாம். பள்ளிகளில் காற்று வடிகட்டிகள் பொருத்தியதும் இவ்வாறுதான். பணம் விரைவாகவும் உரிய இடத்துக்கும் போய்ச் சேர்கிறது. இருந்தாலும் இதை அப்படியே டர்பனுக்குக் கொண்டுவர நான் தயங்குகிறேன். தண்டனையாகக் கட்டிய பணம் ஆலையின் பெயர்ப்பலகையோடு நன்கொடையாகப் பள்ளி வாசலில் நின்றால், அந்த ஆலைமீது அடுத்த முறை புகார் கொடுக்கத் தலைமையாசிரியருக்குக் கை வருமா?

மூன்றாவது, டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி எல்லைக்குள் ஒரு தனி நிதியம் அமைத்து, பெற்றோரும் ஆசிரியரும் மருத்துவரும் அமர்ந்த குழுவிடம் அதை ஒப்படைப்பது. என் தேர்வு இதுவே. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அபராதம் ஒரே சீராக வருவதில்லை. மாசு குறைந்தால் வருமானமும் குறையும். எனவே ஆசிரியர் சம்பளம் போன்ற தொடர்செலவை அதன் தலையில் சுமத்தக் கூடாது.

எதற்குச் செலவிடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு அதிகம். வடிகட்டி வாங்கினால் கண்ணுக்குத் தெரியும், படமும் எடுக்கலாம். ஆனால் டர்பனின் புழுக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தே பாடம் நடக்கிறது, திறந்த ஜன்னலுக்கு முன் வடிகட்டி அதிகம் செய்ய முடியாது. மின்வெட்டு வந்தால் அதுவும் இல்லை. சாதாரண வடிகட்டி நுண்துகளைப் பிடிக்குமே தவிர, தென் டர்பன் மக்கள் நெடுங்காலம் போராடிய கந்தக டையாக்சைடைப் பிடிக்காது. அதற்கு வாயுவை உறிஞ்சும் கரி அடுக்கு வேண்டும், அதை உரிய காலத்தில் மாற்றியாகவும் வேண்டும். கந்தக டையாக்சைடுக்கு தென்னாப்பிரிக்காவின் 24 மணிநேரச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 125 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 40. இந்த இடைவெளியை எந்த வகுப்பறைக் கருவியும் அடைக்காது.

மாசு பற்றிய கல்விக்குச் செலவு குறைவு, பயன் நீண்டது. காற்று கெட்ட நாளில் விளையாட்டு வகுப்பை உள்ளே மாற்றவும், மூச்சுத்திணறும் பிள்ளைக்கு இன்ஹேலரைச் சரியாகக் கொடுக்கவும், அளவீட்டு எண்ணைப் படித்து முறைப்படி புகார் எழுதவும் ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் பள்ளி அருகே ஓர் அளவீட்டு நிலையம் ஓயாமல் இயங்கினால்தான் இந்தப் பாடத்துக்குப் பொருள் உண்டு. ஆகவே அபராதப் பணத்தில் முதலில் அளவீட்டுக் கருவியும் ஆஸ்துமா முதலுதவிப் பெட்டியும் வாங்க வேண்டும். புழுக்கத்திலும் ஜன்னலை மூடிவைக்கக்கூடிய ஓர் அறையில் மட்டும், நோயுற்ற பிள்ளைகளுக்காக, கரி அடுக்குள்ள வடிகட்டி வைக்க வேண்டும். கருவிகளின் ஆண்டுப் பராமரிப்பையும் ஆசிரியர் பயிற்சியையும் அபராதத்திலிருந்து எடுக்காமல், ஆலைகள் காற்று உமிழ்வு உரிமத்துக்காகச் செலுத்தும் கட்டணத்தை உயர்த்தி அதிலிருந்து கொடுக்க வேண்டும்.