‘மூணு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ஒரே செட்டு போதும் சார்’: பள்ளி விளையாட்டுத் திடலுக்குப் பணம் கொடுத்து ஏமாந்தது பற்றி

பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுச் சாதனங்கள் வாங்கப் பணம் திரட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவர்கள் இப்போது வேறொரு பெயரில் கடை திறந்திருப்பதாகக் கேள்வி. ஆகவே பெயரைவிட அவர்கள் எங்களை ஏமாற்றிய முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில், நான் படித்த, இப்போது என் மகள் யு.கே.ஜி. படிக்கிற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி அது. எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை, அதாவது மூன்றரை வயது முதல் பத்து வயது வரை, ஏறத்தாழ 170 பிள்ளைகள். வகுப்பறைகளுக்கும் மதில்சுவருக்கும் இடையில் 22 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மண்தரை, ஓரத்தில் பெரிய பூவரச மரம். திடல் என்று சொல்ல அவ்வளவுதான். நாங்கள் சறுக்கிய இரும்புச் சறுக்குமரம் அடி துருப்பிடித்து விழுந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 4,60,000 ரூபாய் திரட்டினோம். பணத்தைக் கையாளும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஆகவே கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு நான்தான் பொறுப்பு.

2024 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். நல்ல பேச்சு. தலைமையாசிரியையிடம் வண்ண அட்டவணையை விரித்துவைத்து, பிள்ளைகள் ஏறி விளையாடும் கோபுரம் மஞ்சளா நீலமா, அதன் கூரை குடையா தாமரையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சிறு பிள்ளைகளுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வேண்டாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். “மூணு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ஒரே செட்டு போதும் சார், இது இன்டர்நேஷனல் டிசைன்” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அன்று அவர் கையில் அளவு நாடா இல்லை என்பது இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. திடலின் நீள அகலத்தைக் காலடியால் அளந்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்தில் ‘வயதுவாரியான திடல் வடிவமைப்பு’ என்ற தலைப்பில் வரைபடம் வந்தது. அதற்கு மட்டும் கட்டணம் 18,000 ரூபாய். வரைபடத்தின் நடுவில் ஒரு வேப்பமரம் இருந்தது. எங்கள் பள்ளியில் வேப்பமரமே கிடையாது. இருக்கிற பூவரசு வரைபடத்தில் இல்லை. அலுவலகத்தில் யாரோ தவறாகப் போட்டிருப்பார்கள் என்று எண்ணி விட்டுவிட்டோம். வேறொரு பள்ளிக்குப் போட்ட படத்தில் பெயரை மட்டும் மாற்றி எங்களிடம் விற்றிருக்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. மே மாத விடுமுறையில் கோபுரத்தை நிறுத்த இடம் போதாமல், அந்தப் பூவரசின் திடல் பக்கக் கிளையை எங்களைக் கேட்காமலேயே வெட்டிப் போட்டார்கள். பிற்பகல் இடைவேளையில் நிழல் கொடுத்த ஒரே கிளை அது.

விலைப்பட்டியலோடு இரண்டு சான்றிதழ்களும் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று ஐ.எஸ்.ஓ. 9001. அது ஒரு நிறுவனம் தன் வேலைகளை எப்படி நிர்வகிக்கிறது என்பதற்கான சான்றே ஒழிய, அது விற்கிற சறுக்குமரத்தில் பிள்ளை பாதுகாப்பாக ஏறலாம் என்பதற்கான சான்று ஆகாது. மற்றொன்று ஈ.என். 1176 என்னும் ஐரோப்பியத் தரத்தின்படி சோதிக்கப்பட்டதாகச் சொல்லும் தாள். விளையாட்டுத் திடல் சாதனங்களுக்கென்றே உள்ள தரம்தான் அது. ஆனால் அந்தத் தாளில் இருந்த உற்பத்தியாளர் பெயரும் மாதிரி எண்ணும் எங்களுக்கு வந்த பொருளுடையவை அல்ல. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் செலவிடவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே முதல் அதிர்ச்சி. கோபுரத்தின் மேல்தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். அதைச் சுற்றி நெடுக்குக் கம்பிகளாலான தடுப்பு. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 14 சென்டிமீட்டர். எல்.கே.ஜி. பையன் ஒருவன் மேலேறி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் அந்த இடைவெளியில் விட்டு, வெளியே இறங்குவதுபோல நழுவினான். கால் போயிற்று, இடுப்பு போயிற்று, மார்பும் போயிற்று, தலை போகவில்லை. கீழே கால் ஊன்ற ஒன்றுமில்லாமல், தாடை கம்பியில் பதிய அவன் தொங்கியதை, அந்த நேரத்தில் குடத்தோடு அவ்வழியே வந்த ஆயாம்மா பார்த்துவிட்டார். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், அவன் கால்களைத் தோளில் தாங்கிக்கொண்டு கத்தியிருக்கிறார். மேலிருந்து ஒரு ஆசிரியை தலையைத் திருப்பி எடுத்துவிட்டார். கன்னத்தில் சிராய்ப்போடு போயிற்று.

அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டுத் திடல்களுக்காக வெளியிட்டிருக்கும் கையேடு யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. சாதனத்தில் உள்ள எந்தத் திறப்பும் ஏறத்தாழ 9 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ 23 சென்டிமீட்டருக்கு அதிகமாகவோ இருக்க வேண்டும் என்கிறது அது. குறைவாக இருந்தால் உடலே நுழையாது. அதிகமாக இருந்தால் தலையும் வெளியே வந்துவிடும். இடைப்பட்ட அளவுதான் ஆபத்து, ஏனென்றால் சிறு பிள்ளையின் தலை உடலின் தடிமனைவிடப் பெரியது. எங்கள் 14 சென்டிமீட்டர் அந்த ஆபத்தின் நட்டநடுவில் இருந்தது.

அதே கையேடு 2 முதல் 5 வயது வரை ஒரு பிரிவாகவும், 5 முதல் 12 வயது வரை இன்னொரு பிரிவாகவும் பிரித்து, சாதனங்களையும் இடத்தையும் தனித்தனியாக அமைக்கச் சொல்கிறது. சிறியவர்களுக்குத் தளம் சுமார் 76 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ஏறிக் கடக்க முடியாத அடைப்பு வேண்டும். பெரியவர்களுக்கு அது 1.2 மீட்டருக்கு மேல்தான். மங்கி பார் என்று சொல்கிறோமே, அந்தத் தொங்குகம்பி சிறியவர்களுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது, பெரியவர்களுக்கு 2.1 மீட்டர் வரை போகலாம். நடுவில் தாங்கி வைத்த சாதாரண சீசாவே சிறியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை, ஏனென்றால் எதிர்ப்பக்கத்துப் பிள்ளை திடீரென்று இறங்கினால் அவர்களால் சமாளிக்க முடியாது. எங்களுக்கு வந்த ‘ஒரே செட்டில்’ 2.1 மீட்டர் தொங்குகம்பி இருந்தது, அதற்குப் போகும் வழி அகலமான கைப்பிடிப் படிக்கட்டு. படிக்கட்டு எல்லோரையும் மேலே அழைத்துவிடும். பெரியவர்களுக்கான பகுதிக்கு வலை ஏணியோ கயிற்று ஏணியோ வைத்திருந்தால், ஏறத் தெம்பில்லாத பிள்ளை முதல் படியிலேயே நின்றிருக்கும். சரி, படிக்கட்டாவது சிறியவர்களுக்கு ஏற்றதா என்றால், படிக்குப் படி 38 சென்டிமீட்டர். என் மகள் ஒவ்வொரு படியிலும் முழங்காலை ஊன்றித்தான் ஏறினாள்.

ஊஞ்சல் கணக்கு இதைவிட வேடிக்கை. தொங்கும் புள்ளியின் உயரம் எவ்வளவோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரம் முன்னும் பின்னும் காலியாக இருக்க வேண்டும். எங்கள் ஊஞ்சலின் உயரம் 2.4 மீட்டர்; ஆகவே முன்னே 4.8, பின்னே 4.8, மொத்தம் 9.6 மீட்டர். திடலின் அகலமே 9 மீட்டர். அந்த ஊஞ்சலைக் குறுக்குவாட்டில் அங்கே நிறுத்தவே முடியாது என்பதைக் கண்டுபிடிக்க மூன்றாம் வகுப்புக் கணக்கு போதும். அவர்கள் நிறுத்தினார்கள். மேலும், ஒரு சட்டத்தில் இரு தாங்குகால்களுக்கு நடுவே இரண்டு ஊஞ்சலுக்கு மேல் கூடாது என்றிருக்க, நான்கைத் தொங்கவிட்டு ‘இரண்டு இலவசம்’ என்று பில்லில் வேறு எழுதியிருந்தார்கள்.

பொருளின் தரத்துக்கு வருகிறேன். சறுக்குமரம் ஒரே வார்ப்பாகச் செய்த கெட்டிப் பிளாஸ்டிக் என்றுதான் விலைப்பட்டியலில் இருந்தது. வந்ததோ எஃப்.ஆர்.பி., அதாவது கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது. எஃப்.ஆர்.பி. எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். மேற்பூச்சு கனமாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். எங்களுடையதில் பூச்சு பெயரளவுக்குத்தான் இருந்தது. ஆகஸ்டு மாதத்துக்குள் அது தேய்ந்து, உள்ளிருந்த கண்ணாடி இழை வெளியே வந்தது. பாவாடை, கவுன் போட்ட பெண் பிள்ளைகள் சறுக்கிவிட்டு வந்து தொடையைச் சொறிந்துகொண்டே இருந்தார்கள். கரும்புத் தோகையின் சுணை பட்டதுபோலத் தோல் சிவந்திருந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சறுக்கின் மேல் மயிரிழைகள் மினுங்கின.

குழாய்கள் ‘ஒன்றரை அங்குல ஜி.ஐ., பி கிளாஸ்’, அதாவது துத்தநாகம் பூசிய நடுத்தரத் தடிமனுள்ள இரும்புக் குழாய், என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐ.எஸ். 1239 என்னும் இந்தியத் தரத்தின்படி அந்த அளவுக்கும் வகைக்கும் குழாயின் தடிமன் 3.2 மில்லிமீட்டர், அடையாளமாக நீலப் பட்டை இருக்கும். எங்களுக்கு வந்தவை முன்பே பெயின்ட் அடிக்கப்பட்டிருந்ததால் பட்டை இருந்ததா என்று பார்க்க வழியில்லை. அக்டோபர் மழையில் அடிப்பகுதி பொரிந்தபோது, லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு மாணவனின் தந்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாயின் மூடியைக் கழற்றி அதன் வாய்க்குள் டார்ச் அடித்தார். ஜி.ஐ. என்றால் உள்பக்கமும் துத்தநாகப் பூச்சு இருக்க வேண்டும், இங்கே செந்துருதான் இருந்தது. பிறகு வெர்னியர் காலிப்பரை வைத்தார். “ஒன்று புள்ளி ஆறுங்கண்ணா. இது ஜி.ஐ.யும் இல்லீங்க, பி கிளாஸும் இல்லீங்க. பந்தல் போடுற பைப்புங்க” என்றார்.

தரை விஷயத்தில் நடந்தது சிறிய மோசடி, ஆனால் எலும்பு முறிவில் முடியக்கூடியது. முப்பது சென்டிமீட்டர் ஆற்றுமணல் நிரப்புவதாக ஒப்பந்தம். அது நியாயமான அளவுதான்: தூசியும் களிமண்ணும் இல்லாத 0.2 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் 20 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு மீட்டர் வரையிலான விழுகைக்குத் தாங்கும். கால்பட்டுச் சிதறுவதற்காக இன்னும் 10 சென்டிமீட்டர் சேர்க்கச் சொல்கிறது ஐரோப்பியத் தரம். போட்டதோ பத்து சென்டிமீட்டர் எம் சாண்ட், அதுவும் கிரஷர் தூசி கலந்தது, அடியில் கட்டடக் கழிவு. முதல் மழையோடு அது இறுகித் திண்ணைபோல ஆகிவிட்டது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் ‘ணங்’ என்றது.

பணம் போன வழி: முன்பணம் 2,76,000 ரூபாயை நிறுவனத்தின் கணக்கில் செலுத்தினோம். பொருள் வந்து இறங்கியதும் 1,38,000 ரூபாயைத் ‘தணிக்கைக் காலம் சார், கம்பெனி கணக்கு ஃப்ரீஸ் ஆகியிருக்கிறது’ என்று சொல்லி ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். மில்லில் ஸ்டோர் கணக்கு எழுதுகிற நான் அனுப்பினேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. விலைப்பட்டியலில் ‘ஜி.எஸ்.டி. உட்பட’ என்று இருந்தது. கடைசியில் கொடுத்த தாளில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை, மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்டிருந்தது. எஞ்சிய 46,000 ரூபாயை நிறுத்திவைத்தது மட்டுமே நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம். அதன் பிறகு தொலைபேசி எடுக்கப்படவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பு, முகவரியில் ஆளில்லை என்று திரும்பி வந்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தோம். நிறுவனம் பதில் சொல்லவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வேப்பமரம் போட்ட அந்த வரைபடம்தான் இப்போது எங்கள் முக்கியமான சான்று. விலைப்பட்டியல், வாட்ஸ்ஆப் உரையாடல், ஒவ்வொரு குழாயையும் அளந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறோம். பொருளைக் கழற்றுவதற்கு முன் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள் என்று வழக்கறிஞர் சொன்னது நல்ல யோசனை, உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

திடல் காலியாகக் கிடக்கவில்லை. கையில் இருந்த 46,000 ரூபாயில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு அவர்கள் வகுப்பு வாசலை ஒட்டி, ஆயாம்மா உட்காருமிடத்திலிருந்து முழுவதும் தெரியும்படி ஒரு மணல்குழியும் அரை மீட்டர் உயரத்தில் ஒரு மேடையும் அமைத்திருக்கிறோம். நடுவில் இடுப்புயரச் செம்பருத்தி வேலி. அந்தப் பக்கம் முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாதி புதைத்த டயர்களும், பாண்டி ஆடக் கட்டம் போட்ட சிமென்ட் தரையும், ஓடிப் பிடிக்க வெற்றிடமும். உள்ளூர் ஆசாரியும் கொத்தனாரும் அளவு நாடாவோடு வந்து செய்தார்கள்.

கழற்றிய கோபுரம் சத்துணவுக் கூடத்தின் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டுவிட்டுப் போனார். வழக்கு முடியும்வரை கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பினேன். “அதுக்குள்ள துருவாத்தான் அள்ளணுங்க” என்றார்.